பியானோவுக்கு வேர்க்குமோ?

பியானோ டியூன் செய்கிறவன் கோபப்படக் கூடாது. கோபம் கைக்கு வந்தால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் முளை, டியூனிங் பின், தளர்ந்துபோகும். சில நேரம் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். அதனால் என் கோபத்தையெல்லாம் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவேன். ஒரே ஒரு சனிக்கிழமை அது முடியாமல் போனது. எண்பதுகளின் பின்பாதியில், கோலாலம்பூரில், ஒரு சிம்பொனி இசைக்குழு அந்த வருஷத்துக் கச்சேரிகளைத் தொடங்கிவைத்த நாள் அது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் காது சூடாகிறது. சூடாகட்டும், எழுதிவிடுகிறேன்.

1. சிங்கப்பூர்க்காரருக்குப் பதிலாக நான்

என் பெயர் மணியம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பியானோ கடையில் என்னைச் சேர்த்தது டியூன் செய்வதற்கல்ல. லோரியில் பியானோ ஏற்றி இறக்குவதற்கு. கடை முதலாளி லிம்மை நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். நான் பியானோவை இறக்கி வைத்ததும் ஒரு சுரக்கட்டையைத் தட்டி, "இது சுருதி இறங்கிப்போச்சு தவுக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்ததைக் கவனித்து, ஒருநாள் கம்பியை முறுக்கும் இரும்புச் சாவியை, டியூனிங் லிவரை, என் கையில் கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு கிள்ளானில் தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், பங்சாரில் பெரிய வீடுகள் என்று பத்து வருஷம் ஓடியது.

ஆனால் மேடைக் கச்சேரி என்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இசைக்குழுவின் கமிட்டி ஒவ்வொரு முறையும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரை விமானத்தில் வரவழைக்கும். நம் ஊர் ஆளால் ஆகாது என்பது அவர்கள் முடிவு. என் கையை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, என் வேலையைக் கேட்டதுமில்லை. எப்படித்தான் முடிவு செய்தார்களோ!

அந்த வருஷம் தொடக்கக் கச்சேரிக்கு ஐரோப்பாவிலிருந்து மேடம் ஹெலெனா என்ற பியானோ கலைஞர் வருவதாக இருந்தது. மண்டபத்தில் இருந்த பியானோ கரையான் அரித்தது. ஒன்பது அடி கான்சர்ட் கிராண்ட் ஒன்று எங்கள் கடையில்தான் இருந்தது. தவுக்கே கமிட்டியிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"பியானோ சும்மா தரேன். டியூன் பண்றது மணியம். வேற ஆள் தொட்டா லோரி திரும்பிடும்."

கமிட்டித் தலைவர் ஒரு டாக்டர். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். இந்தக் கச்சேரி நன்றாக நடந்தால் வருஷம் முழுவதும் எனக்குத் தருவதாகவும், நடக்காவிட்டால் மறுபடி சிங்கப்பூர்தான் என்றும் சொன்னார். நான் சரி என்றேன். ஆறு கச்சேரிகள். ஒரு ஊர் ஆள் அந்த மேடையில் வேலை செய்ய முடியும் என்பது ஒரே ராத்திரியில் நிலைத்துவிடும், அல்லது என்னோடு முடிந்துவிடும்.

2. நாலு வரிக் கடிதம்

வியாழக்கிழமை மண்டபத்து மேனேஜருக்கு நாலு வரியில் ஒரு கடிதம் கொடுத்தேன். பியானோ மேடைக்கு வந்த நேரத்திலிருந்து கச்சேரி முடியும் வரை ஏசியை நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. பியானோவின் வயிற்றில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. கம்பியெல்லாம் அதன் மேல்தான் அழுத்திக்கொண்டிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். ஏசி போட்டால் காயும், சுருதி இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவில் நடந்தாலாவது பரவாயில்லை. நடுக்கட்டைகள் அதிகம் ஏறும், மேல்கட்டைகள் கொஞ்சம்தான் ஏறும். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பி. மூன்றும் மூன்று பக்கம் போனால், ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வதைப் போலக் கேட்கும்.

மேனேஜர் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்து வழிவந்தவர். அரசாங்க வேலையில் தலைநரைத்தவர், நேர்மையானவர், ஒரு சல்லி தொட மாட்டார். ஆனால் சர்க்குலர் என்று ஒரு தாள் வந்துவிட்டால் அவருக்குக் கண் வேறெங்கும் போகாது. மின்சாரச் சிக்கனத்துக்கு அப்போது ஒரு சர்க்குலர் வந்திருந்தது: ஆள் இல்லாத மண்டபத்தில் ஏசி ஓடக் கூடாது. என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஆபீசில் இருந்த கிளார்க்குகள் கேட்கும்படியே கேட்டார்.

"ஆக்கள் இல்லாத ஹோலுக்கு ஏசியோ? ஏன் தம்பி, பியானோவுக்கு வேர்க்குமோ?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"சார், அது மரம் சார். ஈரம் குடிக்கும். ஏசி நின்னா பிட்ச் ஓடிடும் லா."

"ரிகர்சல் நேரம் போடுவம். பின்னேரம் ஏழு மணிக்குப் போடுவம். நடுவில போட ஏலாது. சர்க்குலர் எண்டா சர்க்குலர்தான். நீர் போய் உம்மட வேலையைப் பாரும்."

என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்கு விளங்கவில்லை.

3. பூ வாடிவிடும்

சனிக்கிழமை காலை ஏசி ஓடும்போதே உட்கார்ந்து டியூன் செய்தேன். 'ஏ' சுரத்துக்கு இசைக்குழு கேட்டது நொடிக்கு 442 அதிர்வு. ஒரு கம்பி விடாமல் அதில் நிறுத்தினேன். பத்தரைக்கு ரிகர்சல். மேடம் ஹெலெனாவுக்கு நரைத்த தலை, கட்டையான விரல்கள், ஆண்கள் போடும் காலணி. பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி மெதுவானது. அதில் ஓர் இடத்தில் பியானோ தனியாக ஒரு 'ஏ' சுரத்தை அடித்து நிறுத்தும். அது அடங்குவதற்குள் ஓபோ என்ற குழல் வாத்தியம் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். அந்த இடத்தில் கொஞ்சம் பிசகினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். ரிகர்சலில் இரண்டும் ஒன்றாகவே போயின. முடிந்ததும் மேடம் என்னைத் தேடி வந்தார்.

"ராத்திரியும் இப்படியே இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருக்கும் மேடம்" என்றேன்.

பன்னிரண்டரைக்கு ஏசியை நிறுத்தினார்கள். வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். பிரிக்பீல்ட்ஸில் போய் வாழையிலைச் சோறு சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். மண்டபக் கதவைத் திறந்ததுமே சட்டை முதுகில் ஒட்டியது. மூடியைத் திறந்து 'ஏ'யைத் தட்டினேன். ஏறியிருந்தது. நடுக்கட்டைகள் ஒரு பக்கம், மேல்கட்டைகள் ஒரு பக்கம். காலையில் செய்த வேலையில் பாதி போய்விட்டது.

அந்தச் சூட்டிலேயே மறுபடி டியூன் செய்து பயனில்லை. ஏழு மணிக்கு ஏசி போட்டதும் பலகை காயத் தொடங்கும். கச்சேரி நடக்கும்போதே சுருதி நழுவும். குளிர் இப்போதே வேண்டும். மாடிக்கு ஓடினேன்.

மாடி நடையில் கால் வைத்ததும் சில்லென்று இருந்தது. விஐபி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ராத்திரி கச்சேரிக்கு வரும் அமைச்சரை வரவேற்க வந்த பூங்கொத்துகள், ஆளுயர ஸ்டாண்டுகளில் ஆர்கிட், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையிலிருந்து வந்த மல்லிகை மாலைகள். இருபதுக்கு மேல் இருக்கும். ஒரு மனிதர் இல்லை. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னுத்துரை தன் மேசையில் விருந்தினர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரூம்ல ஆள் இல்ல. ஏசி ஓடுது."

"அதுக்குள்ள பூ இருக்குது. நிப்பாட்டினா வாடிப்போயிடும்."

"பூவுக்கு ஏசி. பியானோவுக்கு இல்ல."

"பூ உயிருள்ள சாமான் தம்பி. மினிஸ்டருக்குக் குடுக்கிற பூ. வாடினா ஆர் பதில் சொல்லுறது?"

"பியானோ கெட்டா யார் சார் பதில் சொல்றது?"

"நீர்தான்" என்றார், தலையைத் தூக்காமலே.

கையில் டியூனிங் லிவர் இருந்தது. எப்படி ஓங்கினேன் என்று தெரியாது. அவர் மேசை மேல் போட்டிருந்த கண்ணாடி மூலைக்கு மூலை விரிந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். கிளார்க்குகள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"வெளியில போம்!" என்றார். லிவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செய்தது தப்பு. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

4. தெம்பாட்

மண்டபத்தின் ஏசி பிளான்டைப் பார்த்துக்கொண்டவர் அந்தோணி அண்ணன். போர்ட் கிள்ளானில் வீடு, ரயிலில் வந்துபோவார். முன்பு துறைமுகத்தில் மீன் குளிரூட்டும் கிடங்கில் வேலை செய்தவர். கீழே இறங்கி அவரிடம் போய் நடந்ததைக் கொட்டினேன். அவர் தேநீரை முடிக்கும் வரை கேட்டார்.

"எங்க கிடங்குல செத்த மீனுக்கே கேக்காம ஐஸ் போடுவோம்டா" என்றார். "ஆனா எழுத்துல ஆர்டர் இல்லாம மண்டப ஸ்விட்சைத் தொட்டா என் வேலை போயிரும். ரெண்டு பொண்ணு படிக்குது."

"வேணாம்ணே. நீங்க மாட்டிக்கிற மாதிரி எதுவும் வேணாம்."

அவர் சுவரில் குத்தியிருந்த தாளைக் கழற்றினார். அன்று காலை பொன்னுத்துரை கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆர்டர். அப்போது ஆபீஸ் கடிதமெல்லாம் மலாயில்தான் எழுத வேண்டும். பொன்னுத்துரை ஆங்கிலத்தில் படித்து வேலைக்கு வந்த தலைமுறை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மலாயில் எழுதுகிறவர். விஐபி அறை என்று எழுத நினைத்தவர், 'பிலிக்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். பிலிக் என்றால் அறை. அவர் எழுதியது 'தெம்பாட்'. தெம்பாட் என்றால் இடம். பூக்கள் வைத்திருக்கும் இடத்தில் கச்சேரி முடியும் வரை ஏசியை நிறுத்தக் கூடாது. அப்படித்தான் இருந்தது ஆர்டர்.

அந்தோணி அண்ணன் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பூ எங்க இருக்கோ அங்க. ரூமுன்னு போடல. பூ மேடையில இருந்தா?"

"மேனேஜர்?"

"குளிச்சு உடுப்பு மாத்த இப்பத்தான் வீட்டுக்குப் போறதைப் பாத்தேன். ஆறரைக்குத்தான் வருவாரு. சீக்கிரம் தூக்கு. நீ பியானோ தூக்குன ஆளுதானே!"

லிஃப்டில் ஏழு நடை. மூன்றே முக்காலுக்குக் கடைசி ஸ்டாண்டும் மேடைக்கு வந்துவிட்டது. அந்தோணி அண்ணன் தன் புத்தகத்தில் "பூ மேடைக்கு மாற்றப்பட்டது, ஆர்டர்படி ஏசி" என்று மலாயில் எழுதி நேரம் குறித்தார். பிறகு ஸ்விட்சைப் போட்டார். தலைக்கு மேல் காற்று வரும் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அல்ல, அவமானத்தில். அத்தனை வருஷம் படித்த தொழில், ஒரு முழப் பூவின் தயவில் நிற்கிறதே என்று.

ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டபம் குளிர்ந்து நிலைத்தால்தான் லிவரைத் தொடலாம். ஐந்தே காலுக்குத் தொடங்கினேன். நடுவில் மேடம் ஹெலெனா விரல்களைச் சூடாக்கிக்கொள்ள வந்தார். மேடையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யார் இறந்தது?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை ஒரு கட்டையையும் தொடாமல் காத்திருந்தார். அவருடைய பயிற்சி நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆறே முக்காலுக்குப் பொன்னுத்துரை கோட்டு சூட்டோடு வந்தார். மேடை முழுக்கப் பூ. திகைத்து நின்றார். அதற்குள் அமைச்சரின் முன்னேற்பாட்டு அதிகாரி, "வெரி நைஸ், மேனேஜர், ஸ்டேஜ் நல்லா இருக்கு" என்று கைகொடுத்துவிட்டார். பொன்னுத்துரை அந்தக் கையைக் குலுக்கினார். பிறகு அமைச்சரை வரவேற்க வாசலுக்கு விரைந்தார்.

கச்சேரியில் நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் பகுதி வந்தது. மேடம் அந்த 'ஏ'யை அடித்தார். அது மெல்ல அடங்கியது. ஓபோ பிடித்துக்கொண்டது. எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. அதற்காகத்தான் ஒருவன் இந்தத் தொழிலைச் செய்கிறான்.

5. கமிட்டி

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. என்னையும் தவுக்கேயையும் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் நல்லபடியாக எழுதியிருந்ததால் எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். டாக்டர் என் கையைக் குலுக்கி, மிச்சமிருக்கும் ஐந்து கச்சேரிக்கும் நான்தான் என்றார். அப்போது பொன்னுத்துரை பேசினார்.

"நானும் ஒண்டு சொல்லவேணும். மணியம் ஏசி நிப்பாட்டக் கூடாது எண்டு பெரிய சண்டை. சர்க்குலர்படிதான் நடந்தது. என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை. பியானோ வடிவாத்தான் இருந்தது. இனியும் இப்பிடியே செய்வம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தவுக்கே மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம். மூடியிருந்தால் ஐந்து கச்சேரியும் என்னுடையவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் தந்திரத்தால் சரி செய்ய, அவர் சர்க்குலரால் சரியானது என்று சொல்ல, அதுவே ஆதாரமாகிவிடும். நன்றாக வேலை செய்து நானே என்னைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

"சர்க்குலர்படி நடக்கல சார்" என்றேன். "மூணே முக்காலிலிருந்து மண்டபத்துல ஏசி ஓடுச்சு. பூவை மேடைக்குத் தூக்கினது நான். ஆர்டர்ல 'தெம்பாட்'னு இருந்துச்சு."

அந்தோணி அண்ணனை அழைத்தார்கள். அவர் தாளையும் புத்தகத்தையும் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆர்டரில் பொன்னுத்துரையின் கையெழுத்து. அதனால் அந்தோணி அண்ணனை யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். பொன்னுத்துரை சிரிக்கவில்லை. உடைந்த மேசைக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. என் வேலையில் குறை இல்லையாம். ஆனால் மண்டபத்து நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாத ஆளாம். மறுபடி சிங்கப்பூர்க்காரர்.

கண்ணாடிக்காக என்னை நீக்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. இரண்டாம் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அந்தோணி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னண்ணே?"

"நேத்து காலையிலிருந்து ஏசி ஓடுதுடா. சிங்கப்பூர்க்காரரு போன்ல கேட்டாராம். உடனே மேனேஜர் போடச் சொல்லிட்டாரு. சர்க்குலர் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல."

அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கேட்டது சரி. நான் கேட்டதும் அதேதான். ஒரே கேள்வி, தூரத்திலிருந்து வந்தால் அறிவுரை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தால் வாயாடித்தனம். அன்று நான் உள்ளே போகவில்லை. டிக்கெட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இந்தத் தொழிலில் இப்போது இருப்பவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். வேலைக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள். கேட்கும்போது யாராவது சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். கிடைக்காவிட்டால் பியானோ மூடியைத் திறக்காதீர்கள். அவர்கள் தப்பை நீங்கள் இரகசியமாகச் சரி செய்து கொடுத்தால், அந்தத் தப்பு உங்கள் செலவில் நன்றாக வாழும்.

மூன்று வருஷம் கழித்து சிங்கப்பூர்க்காரர் தொழிலை விட்டார். ஒருநாள் காலை கடைக்கு போன் வந்தது. மறுநாள் கச்சேரி. பேசியவர் பொன்னுத்துரை.

"மணியம், பழசை விடும். பியானோ மேடையில நிக்குது. ஒருக்கா வாருமன்."

"ஏசி ஓடுதா சார்?"

"போடுவம், போடுவம். நீர் முதல் வாரும்."

"மேடைப் பக்கம் ஒரு போன் இருக்குல்ல சார். அங்க போய்க் கூப்பிடுங்க. போனை மேல தூக்கிப் பிடிங்க. சத்தம் கேட்டாத்தான் வருவேன்."

அவர் போனை வைத்துவிட்டார். தவுக்கே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கால் மணி நேரம் போனது. மறுபடி மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை. முதலில் மூச்சு வாங்குவது கேட்டது, படியிறங்கி வந்திருப்பார். பிறகு அதற்கு மேலே, ஒரே சீராக, காற்று ஓடும் சத்தம்.

முழுசாக ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத்தான் பையை எடுத்தேன்.